ஆமணக்கும் குன்றிமணியும்: தாவர நச்சுப் புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன?

தாவர விஷம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அரளி, ஊமத்தை, எட்டி. இந்த மூன்றிலும் ஆளைக் கவிழ்ப்பது புரதம் இல்லை. அரளியில் இருப்பது இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு. ஊமத்தையிலும் எட்டியிலும் இருப்பவை ஆல்கலாய்டுகள். எல்லாமே சின்னஞ்சிறு மூலக்கூறுகள். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னினின் மூலக்கூறு எடை 334. ஆமணக்கு விதையில் உள்ள ரைசினுக்கோ அது 60,000-க்கும் மேல். கிட்டத்தட்ட இருநூறு மடங்கு கனமான இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அளவு மாறினால் என்ன மாறிவிடும்? நிறைய மாறும். சின்ன மூலக்கூறு குடல் சுவரை எளிதாகத் தாண்டி ரத்தத்தில் கலந்து, நரம்பையோ இதயத்தையோ சீக்கிரமே எட்டிவிடும். புரதத்தால் அப்படி நழுவிப் போக முடியாது. செரிமான நொதிகள் அதை வெட்டப் பார்க்கும். அதற்குத் தப்பினாலும், செல்லின் சவ்வை ஊடுருவ அதற்கு ஒரு வழி வேண்டும். இன்னொரு வித்தியாசம், புரதத்தின் வலிமை முழுக்க அதன் வடிவத்தில் இருக்கிறது. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீளமான இழை, தன்மேல் தானே மடிந்து ஒரு குறிப்பிட்ட உருவம் எடுக்கும்போதுதான் அது வேலை செய்யும் புரதம் ஆகிறது. சூடேற்றினால் அந்த மடிப்பு குலையும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாத மாதிரி, குலைந்த மடிப்பு பெரும்பாலும் திரும்பி வராது. அதனால்தான் பல நச்சுப் புரதங்கள் நன்றாகக் கொதிக்க வைத்தால் செயலிழந்து போகின்றன. ஸ்ட்ரிக்னினைக் கொதிக்க வைத்து ஒரு பயனும் இல்லை.

ரைசினின் கதை

1888-ல், இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று அழைக்கப்படும் டோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில், பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்காக ஆமணக்கு விதையை ஆராய்ந்துகொண்டிருந்தார். விதையிலிருந்து கிடைத்த புரதத்தை ரத்தத்தோடு கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டன. அந்தப் புரதத்துக்கு அவர் வைத்த பெயர்தான் ரைசின். ரத்தம் இப்படித் திரள்வதுதான் சாவுக்குக் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு. ஆமணக்கு விதையில் நெருங்கிய உறவுள்ள இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்தைத் திரளவைப்பதில் வல்லது ஒன்று, அதற்கு விஷம் குறைவு. கொல்வதில் வல்லது மற்றொன்று, அது ரத்தத்தை அவ்வளவாகத் திரட்டுவதில்லை. ஸ்டில்மார்க்கின் கையில் இருந்தது இரண்டும் கலந்த கலவை.

சில ஆண்டுகளிலேயே, 1891-ல், ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவ ஆய்வாளர் இதே ரைசினையும், குன்றிமணியில் உள்ள அப்ரின் என்ற நச்சுப் புரதத்தையும் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டே போனார். எலிகள் அந்த விஷத்தைத் தாங்கப் பழகிவிட்டன. ஆனால் ரைசினைத் தாங்கிய எலி அப்ரினுக்குச் செத்தது. அப்ரினைத் தாங்கிய எலி ரைசினுக்குச் செத்தது. நோயெதிர்ப்பு என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைக் குறிவைத்தே உருவாகிறது என்ற அடிப்படைப் புரிதல் வலுப்பட இந்தச் சோதனைகள் உதவின.

சரி, ரைசின் பார்க்க எப்படி இருக்கும்? 1987-ல் எக்ஸ்-கதிர் படிகவியல் மூலம் அதன் முப்பரிமாண அமைப்பு தெரியவந்தது. இரண்டு சங்கிலிகள். ஏ சங்கிலியில் 267 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 262. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான ஒரே ஒரு டைசல்பைடு பிணைப்பு. அதை உடைத்தால் சங்கிலிகள் பிரியும்.

இரண்டுக்கும் வேலை வேறு வேறு. பி சங்கிலி ஒட்டிக்கொள்ளும் ஆள். அதன் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி மடிந்தவை, ஆளுக்கொரு கேலக்டோஸ் சர்க்கரையைப் பிடிக்கும் குழி உண்டு. நம் செல்களின் வெளிப்புறம் முழுக்கச் சர்க்கரைத் தொடர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் பலவற்றின் முனையில் இருப்பது கேலக்டோஸ். அதனால் ரைசினுக்கு இன்ன செல் என்ற பேதம் கிடையாது, கிட்டத்தட்ட எந்தச் செல்லிலும் ஒட்டும்.

ஏ சங்கிலி ஒரு நொதி. அது தாக்கும் இடம் ரைபோசோம், அதாவது செல்லுக்கு வேண்டிய புரதங்கள் அத்தனையும் உருவாகும் இடம். ரைபோசோமின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ. அதில் மிக நீளமான ஆர்.என்.ஏ இழையில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. ஏ சங்கிலி அதில் ஒரே ஓர் எழுத்தைக் குறிவைக்கிறது. எலியின் ரைபோசோமில் அது 4324-வது இடத்தில் உள்ள அடினின். யாயெட்டா எண்டோ, குனியோ சுருகி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1987-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஏ சங்கிலியின் ஒரு பக்கத்தில் ஒரு பிளவு இருக்கிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ-வில் வளையமாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பகுதியிலிருந்து அந்த அடினின் இந்தப் பிளவுக்குள் நுழைகிறது. மேலே டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று, கீழே இன்னொரு டைரோசின், இரண்டுக்கும் நடுவே தட்டையாக அடினின் மாட்டிக்கொள்கிறது. பக்கத்தில் 177-வது இடத்தில் இருக்கும் குளுட்டாமிக் அமிலமும் 180-வது இடத்தில் இருக்கும் ஆர்ஜினினும் சேர்ந்து, அடினினுக்கும் அதைத் தாங்கும் சர்க்கரைக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கின்றன. ஆர்.என்.ஏ இழை அறுபடுவதில்லை. ஓர் எழுத்து மட்டும் கழன்று விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் புரத உற்பத்தியை அடுத்த அடிக்கு நகர்த்தும் துணைப் புரதங்கள் வந்து அமர்வது அதே வளையத்தில். எழுத்து போனதும் அவை சரியாக அமர முடியாது. ரைபோசோம் அப்படியே நின்றுவிடும்.

நொதி என்பதால் ஏ சங்கிலி ஒரு முறை வேலை செய்ததும் தீர்ந்துபோவதில்லை. அடுத்த ரைபோசோமுக்குப் போகும். நிமிடத்துக்குச் சுமார் 1,500 ரைபோசோம்களை அது முடக்கும் என்று சோதனைக்குழாய்க் கணக்கு சொல்கிறது. இவ்வளவு கொஞ்சமான பொருள் இவ்வளவு பெரிய சேதம் செய்வது இதனால்தான். ரைசின் என்றாலே 1978-ல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் ரைசினால் கொல்லப்பட்ட குடைக் கொலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கென்னவோ அந்த ஒற்றை அடினின்தான் அதைவிட நல்ல துப்பறியும் கதையாகப் படுகிறது.

உள்ளே போகும் வழி

கதையின் விறுவிறுப்பான பகுதி இனிமேல்தான். ரைபோசோம் இருப்பது செல்லுக்குள். ரைசின் ஒட்டியிருப்பது வெளியே. எப்படி உள்ளே போகிறது?

செல் தன் சவ்வை அவ்வப்போது உள்பக்கமாகக் குழித்து, சின்னப் பைகளாகக் கிள்ளி எடுத்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் ரைசினும் அந்தப் பையோடு உள்ளே போய்விடும். ஆனால் அது இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான ரைசின் மூலக்கூறுகள் அங்கிருந்து வெளியே திருப்பி அனுப்பப்படும், அல்லது செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குப் போய்ச் சிதையும். சிறு பங்கு மட்டும், புரதங்களைப் பிரித்து அனுப்பும் நிலையமான கோல்கி உறுப்புக்குத் தப்பிப் போகும். அங்கிருந்து, செல்லின் சொந்தப் புரதங்கள் வெளியே அனுப்பப்படும் பாதையிலேயே எதிர்த்திசையில் பயணம் செய்து எண்டோபிளாச வலைக்கு வந்து சேரும்.

எண்டோபிளாச வலை என்பது புதுப் புரதங்கள் மடியும் இடம். டைசல்பைடு பிணைப்புகளைச் சரிபார்க்கும் நொதி அங்கே உண்டு. அது ரைசினின் இரண்டு சங்கிலிகளையும் பிரித்துவிடுகிறது. ஏ சங்கிலி தனியாகிறது. அதுவரை பி சங்கிலியோடு ஒட்டி மறைந்திருந்த அதன் பக்கம் இப்போது வெளியே தெரிய, சரியாக மடியாத புரதம் போல அது காட்சியளிக்கிறது. கோணல்மாணலாக மடிந்த புரதங்களை வலையிலிருந்து சைட்டோபிளாசத்துக்கு, அதாவது செல்லை நிரப்பியிருக்கும் திரவத்துக்கு, தள்ளி அழிப்பது செல்லின் வழக்கம். ஏ சங்கிலியையும் அப்படியே தள்ளிவிடுகிறது. ரைபோசோம்கள் இருப்பதும் அங்கேதான். வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை.

தள்ளப்பட்ட புரதம் அழியவும் வேண்டுமே? அழிக்கப்பட வேண்டியவற்றின் மேல் செல் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டும், பொதுவாக லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல். ரைசினின் ஏ சங்கிலியில் லைசின்கள் இரண்டே இரண்டு. ஒட்ட இடமே இல்லாததால் ஒரு பகுதி தப்பித்து, மறுபடி சரியாக மடிந்து, வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இத்தனை நிலையங்களையும் கடந்து வர நேரம் பிடிக்கும். ரைபோசோம் நின்ற பிறகும், ஏற்கெனவே உள்ள புரதங்கள் தீரும்வரை செல் தாக்குப்பிடிக்கும். ஆமணக்கு விதையையோ குன்றிமணியையோ மென்று விழுங்கியவர்களுக்கு அறிகுறிகள் உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு என்று தொடங்குவது இதனால்தான். ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கென்று பரவலாகக் கிடைக்கும் தனி முறிமருந்து இல்லை. நீரிழப்பைச் சரிசெய்து உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. விதையின் கெட்டியான தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

விளக்கெண்ணெய் மட்டும் எப்படி விஷமில்லாமல் இருக்கிறது என்ற கேள்வி பலருக்கு வரும். ரைசின் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆபத்து அந்தப் பிண்ணாக்கில்தான், அதையும் சூடேற்றி நஞ்சு நீக்குகிறார்கள்.

செடி ஏன் சாகவில்லை?

ஆமணக்கின் செல்லிலும் ரைபோசோம் உண்டு. அதே ரைபோசோம்தான் ரைசினையும் தயாரிக்கிறது. பின் எப்படிப் பிழைக்கிறது?

ரைசின் தொடக்கத்தில் இரண்டு சங்கிலியாக உருவாவதில்லை. ஒரே நீள இழையாக உருவாகிறது. ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே 12 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் இணைப்புத் துண்டு இருக்கும். அது இருக்கும்வரை ஏ சங்கிலியால் ரைபோசோமைத் தொட முடியாது. உருவாகும்போதே இழை நேராக எண்டோபிளாச வலைக்குள் செலுத்தப்பட்டுவிடுவதால், செடியின் சைட்டோபிளாசத்தில் அது சுற்றித் திரிவதும் இல்லை. வலையிலிருந்து விதை செல்லின் சேமிப்பு அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இணைப்புத் துண்டு வெட்டப்படுகிறது. அதாவது, விஷம் ஆயத்தமாகும் இடமும் ரைபோசோம் இருக்கும் இடமும் எப்போதும் ஒரு சவ்வால் பிரிக்கப்பட்டே இருக்கின்றன. விதை முளைக்கும்போது ரைசினும் சிதைந்து, அதன் அமினோ அமிலங்கள் இளம் நாற்றுக்கு உணவாகின்றன. காவலாளியையே கடைசியில் சாப்பிட்டுவிடுகிறது நாற்று.

ஏ மட்டும் இருந்தால்?

தாவர நச்சுப் புரதங்களைப் புரிந்துகொள்ள என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வி போதும். ஏ சங்கிலி போன்ற நொதி ஆமணக்கின் தனிச்சொத்து இல்லை. பார்லியில் இருக்கிறது, கோதுமையில் இருக்கிறது, பாகல் விதையில் இருக்கிறது. சோப்புச்செடி எனப்படும் சப்போனேரியாவின் விதையில் சப்போரின் என்ற பெயரில் இருக்கிறது. சோதனைக்குழாயில் வெறும் ரைபோசோமோடு கலந்தால் இவையும் அதே அடினினைக் கழற்றும். ஆனால் முழு செல்லின் மேல் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பி சங்கிலி இல்லை, ஒட்ட முடியவில்லை, உள்ளே போக வழியில்லை. பார்லியும் கோதுமையும் நம்மைக் கொல்லாததற்கு ஒரு முக்கியக் காரணம் இது.

பி சங்கிலி இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. எல்டர் மரத்தின் பட்டையில் நைக்ரின் என்ற புரதம் இருக்கிறது. ரைசின் மாதிரியே இரண்டு சங்கிலி. ஆனாலும் அதன் விஷம் ரைசினுக்குக் கிட்டவே வராது. செல்லுக்குள் போனபின் அது பிடிக்கும் பாதை வேறு, சீக்கிரமே சிதைந்துவிடுகிறது. ஆக, வெட்டும் திறமையைவிடப் போய்ச் சேரும் வழிதான் ஒரு புரதம் எவ்வளவு விஷம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒற்றைச் சங்கிலிப் புரதங்களால் செடிக்கு என்ன லாபம்? போக்வீட் என்ற அமெரிக்கச் செடியில் இதற்கு அழகான ஒரு விளக்கம் உண்டு. அதன் நச்சுப் புரதம் செல்லுக்கு வெளியே, செல்சுவரில் காத்திருக்கிறது. வைரஸோ பூச்சியோ செல்லைத் துளைத்தால் அந்த ஓட்டை வழியே இதுவும் உள்ளே போய், செடியின் சொந்த ரைபோசோமையே முடக்கிவிடும். அந்தச் செல் சாகும். வைரஸ் தன் புரதங்களைச் செய்துகொள்ள ரைபோசோம் இல்லாமல் திணறும். பக்கத்துச் செல்கள் பிழைக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவின் நச்சும் இதே அடினினைத்தான் கழற்றுகிறது. அதிலும் ஒரு ஏ உண்டு, பி-க்குப் பதில் ஐந்து சிறிய துண்டுகள் வட்டமாகச் சேர்ந்திருக்கும். செடியும் பாக்டீரியாவும் ஒரே இடத்தில் கை வைக்கின்றன.

பி மட்டும் இருந்தால்?

சர்க்கரையைப் பிடித்து ஒட்டும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் லெக்டின். ரைசினின் பி சங்கிலியும் ஒரு லெக்டின்தான். வெட்டும் நொதியே இல்லாத வெறும் லெக்டின்கள் பருப்பு வகைகளில் ஏராளம். அவற்றில் கவனம் வேண்டியது சிவப்பு ராஜ்மாவில் உள்ள பைட்டோஹீமாகுளுட்டினின். இது குடலின் உட்சுவர் செல்களில் ஒட்டி அவற்றைப் பாதிக்கும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து கொட்டைகள் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவதுதான் ஆபத்து. கொட்டை மெத்தென்று ஆகிவிடும், புரதத்தின் மடிப்பு குலைந்திருக்காது.

எல்லா லெக்டினும் விஷம், தக்காளியையே ஒதுக்குங்கள் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்ப வேண்டாம். தக்காளியில் லெக்டின் இருப்பது உண்மை, அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. ராஜ்மாவின் லெக்டினுக்கேகூட நல்ல பக்கம் உண்டு. அது வெள்ளணுக்களைப் பிரியத் தூண்டும் என்று 1960-ல் பீட்டர் நோவெல் காட்டினார். ரத்தத்திலிருந்து குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை வளர்ந்ததில் இந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கு.

உள்ளே போகவே தேவையில்லாதவை

வேறொரு கூட்டம் குடலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. சோயாவில் உள்ள குனிட்ஸ் தடுப்பான் 181 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் ஒரு வளையம் நம் செரிமான நொதியான டிரிப்சினின் வாய்க்குள் கச்சிதமாகப் பொருந்தி, அதை வேலை செய்யவிடாமல் அடைத்துவிடும். தின்கிற பூச்சிக்கு உணவு செரிக்காது, வளர்ச்சி குன்றும். தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் ஓர் இலையைப் பூச்சி கடித்தால், கடிபடாத மற்ற இலைகளும் இத்தகைய தடுப்பான்களைத் தயாரிக்கத் தொடங்கும் என்று 1972-ல் கிரீன், ரயன் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். நமக்கு, வேகவைத்தால் இதுவும் பெருமளவு செயலிழக்கும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற விதிக்கு விலக்கும் உண்டு. 1960-களில் காங்கோவில் பணியாற்றிய லோரன்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், பிரசவத்தை விரைவுபடுத்த அங்குள்ள பெண்கள் ஒரு செடியைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைக் கவனித்தார். அதில் கருப்பையைச் சுருங்கவைத்தது கலாட்டா பி1 என்ற, 29 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம். அதன் அமைப்பு 1995-ல் தெளிவானபோதுதான் கொதிநீர் ஏன் அதை ஒன்றும் செய்யவில்லை என்று புரிந்தது. இழையின் தலையும் வாலும் இணைந்து வளையமாக இருக்கிறது. நடுவே மூன்று டைசல்பைடு பிணைப்புகள் முடிச்சாகப் பின்னியிருக்கின்றன. அவிழ்வதற்கு முனையே கிடையாது. செடிக்கு இது பூச்சி விரட்டி.

விதி தவறாகப் பயன்படும் இடமும் ஒன்று உண்டு, காட்டாமணக்கு. அதன் விதையில் கர்சின் என்ற ஏ வகைப் புரதம் இருப்பதால், விஷத்துக்குக் காரணம் அதுதான் என்று அடிக்கடி எழுதிவிடுகிறார்கள். முக்கியக் காரணம் போர்பால் எஸ்டர்கள், அவை புரதமே இல்லை. வறுத்தாலும் வேகவைத்தாலும் தாக்குப்பிடிப்பவை. கர்சின் குலைந்த பிறகும் விதை விஷமாகவே இருக்கும்.

கடைசியாக, இந்த ஏ-பி பிரிவினையை மருத்துவர்கள் எப்படிப் பயன்படுத்தப் பார்த்தார்கள் என்பது. பி சங்கிலியை நீக்கிவிட்டு, புற்றுசெல்லில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை அந்த இடத்தில் பொருத்தினால்? யோசனை அருமை, நடைமுறை கடினமாக இருந்தது. ரைசினின் ஏ சங்கிலி நோயாளிகளின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியச் செய்தது. எர்லிக்கின் எலிகளைப் போலவே நோயாளிகளின் உடலும் அந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கியது. மூளை ஆய்வகங்களில் இதே உத்தி நன்றாகவே பலித்தது. எலியின் முன்மூளையில் அசிட்டைல்கோலின் சுரக்கும் நரம்பு செல்களின் மேல் ஒட்டும் ஓர் எதிர்ப்பொருளோடு சப்போரினை இணைக்கிறார்கள். தனியாக விட்டால் செல்லுக்கு வெளியே சும்மா கிடக்கும் சப்போரின், இப்போது அந்த நரம்பு செல்களை மட்டும் தேடிப்போய்க் கொல்கிறது. அவை இல்லாமல் போனால் எலியின் கவனமும் நினைவும் எப்படி மாறுகின்றன என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.